உப்பு சேர்க்காத கஞ்சி

"எனக்கு உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா" என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். பெரிய வெள்ளியன்று சொன்னேன். சிலுவையைப் பற்றி மூன்று மணி நேரம் பாடியும் கேட்டும் முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த கையோடு, கோயில் வாசல்படியிலேயே சொன்னேன். அவர் கையில் ஒரு குவளை கஞ்சி இருந்தது. அதை வாங்காமலிருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எந்த டாக்டரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. முந்தின நாள் இரவு மோர்சாதத்துக்கு மாங்காய் ஊறுகாயை மறுபடியும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவன் நான். உப்பு விளைகிற மரக்காணத்திலும் இரத்தக் கொதிப்புக்காரர்கள் உண்டு என்பதால் பொய் நம்பும்படியாக இருந்தது.

சுனாமிக்கு அடுத்து வந்த பெரிய வெள்ளி அது. அதையொட்டிய இரண்டு ஆண்டுகளில் எங்கள் ஊரின் மூன்று சபைகள் சேர்ந்து செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தப் பொய்யை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதையாகிவிடும்.

மரக்காணத்தில் கிறிஸ்தவர்கள் அதிகம் இல்லை. இருந்த கொஞ்சம் பேரும் மூன்று இடங்களில் தொழுதோம். கத்தோலிக்கரின் ஆர்.சி. கோயில் பெரியது, மாதா சுரூபமும் மணிக்கூண்டும் உள்ளது. எங்களுடையது பழைய மிஷன் சபை. ஓடு வேய்ந்த சிறிய ஆலயம், தேக்குப் பெஞ்சுகள், ஆர்மோனியம், நாலு குரலில் பாடத் தெரிந்த பாடகர் குழு. மூன்றாவது உப்பளத்துச் சபை. உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, தரையில் பாய், ஒரு டிரம் செட். அதன் பாஸ்டர் வாரநாட்களில் உப்பு வாருகிறவர். அவருடைய சபையாரும் அதே வேலைக்காரர்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், எங்கள் சபையின் செயலாளர். எங்கள் ஐயர், சபையின் குருவானவர், திண்டிவனத்தில் இருந்துகொண்டு நாலைந்து ஊர்களைப் பார்த்துக்கொண்டார். அதனால் எங்கள் சபையில் நான் சொல்வதுதான் நடக்கும். அதில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது.

ஒரே ஊரில் இருந்தும் நாங்கள் ஒருவர் கோயிலுக்குள் ஒருவர் போனதில்லை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர. ஆர்.சி.க்காரர்கள் சுரூபத்தைக் கும்பிடுகிறார்கள் என்று நாங்கள் சொல்வோம். எங்களுக்குப் பக்தி இல்லை, பாட்டுதான் இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். உப்பளத்துச் சபையார் கூச்சல் போடுகிறார்கள் என்று சொல்வதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தோம்.

எங்களைச் சேர்த்து வைத்தவர் கிறிஸ்தவரே அல்லாத ஒரு மீனவப் பெண்மணி. சுனாமிக்குப் பிறகு அனுமந்தைக்கு அப்பால் ஒரு குப்பத்துக்கு மூன்று சபைகளும் தனித்தனியாகச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மதியம் மூன்று வண்டிகளும் ஒரே நேரத்தில் போய் நின்றன. மூன்றிலும் எலுமிச்சைச் சாதம். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கள் மூன்று கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்பா, மூணு பேரும் ஒரே சாமியத்தானே கும்புடுறீங்க? மதியத்துல வந்து மூணு பேரும் கொட்டுறீங்க, ராவுக்குப் புள்ளைங்க பட்டினி. நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

ஆர்.சி. கோயில் ஃபாதருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இராது. சிரித்துவிட்டார். அங்கேயே, மணலிலேயே எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காலை யார், மதியம் யார், இரவு யார் என்று பிரித்துக்கொடுத்தார். அடுத்த வாரம் அவருடைய கோயிலில் கூட்டு ஜெபம். அதற்கடுத்து எங்களுடையதில். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் கூட்டு ஜெபத்தில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லச் சொன்னார் ஃபாதர். அவர்கள் தந்தையே என்று தொடங்க, நாங்கள் பிதாவே என்று தொடங்கினோம். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் ஒத்துப்போகவில்லை. இரண்டு ரயில்கள் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடுவது போல இருந்தது. நாங்கள் முதலில் முடித்துவிட்டு அவர்கள் ஆமென் சொல்வதற்குக் காத்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. அடுத்த வாரம் நாங்கள் அவர்களுடைய வாசகத்தையும் அவர்கள் எங்களுடையதையும் சொல்லிப் பார்த்தோம். தடுமாறித் தடுமாறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. எழுபது வயதுக்காரர்கள் எதிர்க்கட்சி ஜெபத்தை மனப்பாடம் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். இந்தக் கடற்கரையில் வேறு எந்த ஊரிலும் இது நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், வந்தது. வெள்ளிதோறும் ஒரு சபை என்று சுற்று வைத்தோம். உப்பளத்துக் கொட்டகையில் பாயில் உட்கார்ந்து எழுந்திருக்க எங்கள் முதியவர்களுக்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பெஞ்சுகளில் கைதட்டாமல் உட்கார்ந்திருக்க உப்பளத்து வாலிபர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெரிய வெள்ளியன்று நண்பகலில் தொடங்கும் மூன்று மணி நேர மும்மணி ஆராதனையை மூன்று சபையும் சேர்ந்து ஆர்.சி. கோயிலில் நடத்துவது என்று முடிவாயிற்று. அவர்களுடைய சொந்த வழிபாட்டை மாலைக்குத் தள்ளிவைத்துக்கொண்டார்கள். தவக்காலத்தின் கடைசியில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவது அவர்கள் வழக்கம். அதனால் உப்பளத்துச் சபையாருக்கும் சங்கடம் இல்லாமல் போயிற்று. "மாதாவே வழிவிட்டுட்டாங்க" என்றார் ஃபாதர்.

யார் எதைக் கொண்டுவருவது என்ற பேச்சு வந்தபோது, கட்டடம் ஆர்.சி.யுடையது, பாட்டு எங்களுடையது என்று ஆனது. உப்பளத்துச் சபைக்கு ஒன்றும் மிச்சமில்லை. பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அப்போது அவருடைய மனைவி பேசினார். பாஸ்டரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த ஒல்லியான உடம்பு, பேச்சில் மட்டும் கொழுப்பு.

"கட்டடம் ஃபாதரோடது. பாட்டு சாரோடது. அன்னிக்கு எல்லாரும் பட்டினி கெடந்து பாடுவீங்கல்ல, முடிஞ்சதும் கஞ்சி நாங்க ஊத்துறோம்."

எல்லாரும் சரி என்றோம். நானும்தான் சரி என்றேன்.

எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் கரிக்கும். அதில் காய்ச்சினால் கஞ்சி வாயில் வைக்க விளங்காது. அந்தப் பெண்கள் பெருமுக்கல் பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து நல்ல தண்ணீரைக் குடம் குடமாக மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பாயிடம், நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற தேக்சாவை இரவல் வாங்கினார்கள். அவ்வளவு பெரிய பாத்திரம் ஊரில் வேறு யாரிடமும் இல்லை. உப்பு வாருகிற பருவத்தில் ஒரு நாள் வேலைக்கு வராமலிருக்க மேஸ்திரியிடம் சண்டை போட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தாலும் செய்ததைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

செய்தது இதுதான். பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஓர் அறிவிப்புக் கொடுத்தேன். கூட்டு ஆராதனை முடிந்தவுடன் நம் சபையார் அனைவரும் பக்கக் கேட் வழியாக நம் ஆலயத்துக்கு வந்துவிட வேண்டும், இங்கே இட்லி தயாராக இருக்கும் என்றேன். கூட்டத்தில் முதியவர்கள் நெருக்கப்படக் கூடாது என்று காரணம் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. உப்பளத் தெருவில் காய்ச்சிய கஞ்சியை நாம் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்க வேண்டாம் என்பதுதான் அறிவிப்பு.

நாங்கள் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. எங்கள் சபையின் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு தலைமுறைக்கு முன் அதே தெருவிலிருந்து வந்தவைதான். மிஷன் பள்ளியில் படித்து, வாத்தியார், கிளார்க், நர்ஸ் என்று ஆகி, மெயின் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டோம். என் தாயார் உப்புக் கூடை சுமந்தவர். பாத்தியிலிருந்து உப்புக் குவிக்கும் அம்பாரத்துக்குச் சுமந்து சுமந்து அவர் உச்சந்தலையில் முடி வளரவே இல்லை. விடியுமுன் அவர் தூக்குச் சட்டியில் கொண்டுபோன கஞ்சியில் மிச்சம்தான் எனக்குக் காலை ஆகாரம். என் மாணவர்களுக்கோ சக ஆசிரியர்களுக்கோ இதை நான் ஒருபோதும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் அப்பா மிஷன் பங்களாவில் வேலை பார்த்தார் என்று மட்டும் சொல்வேன். அதுவும் உண்மைதான், தோட்ட வேலை. அந்தக் கஞ்சியை ஊரார் பார்க்க என் கையில் வாங்கினால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு. குவளையில் எழுதியா இருக்கிறது, எப்படித் தெரியும் என்று இன்று சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

அந்த ஆராதனையைப் பற்றி நான் கர்வமாகத்தான் சொல்வேன். கோயில் நிரம்பி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் பாடகர் குழு அதுவரை அப்படிப் பாடியதில்லை. இரண்டாவது பாட்டிலேயே உப்பளத்து வாலிபன் ஒருவன் டிரம்மை மெல்லத் தட்டிச் சேர்ந்துகொண்டான், எங்கள் ஆர்மோனியக்காரர் முறைக்காமல் தலையாட்டினார். ஆர்.சி.க்காரர்கள் முழங்காலில் இருந்தார்கள், நாங்கள் நின்றோம், உப்பளத்தார் கையை உயர்த்தியிருந்தார்கள். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளையும் மூன்று சபைக்காரர்களும் பங்குபோட்டுக்கொண்டு பேசினார்கள். முடிவில் எங்கள் சபை வழக்கப்படி மரண மணி அடித்தபோது அழாதவர் இல்லை. நானும் அழுதேன். அது பொய்யில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் தேக்சா இருந்தது. பூண்டும் வெந்தயமும் தேங்காயும் சேர்ந்த வாசனை பந்தல் வரைக்கும் வந்தது. பசித்த வயிற்றுக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் குவளையை எனக்குத் தர வேண்டும் என்று நினைத்திருப்பார் போல, பாஸ்டரம்மா படியருகே வந்து நீட்டினார்.

"சூடா இருக்குது சார். ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

அப்போதுதான் இல்லாத அந்த டாக்டரைத் துணைக்குக் கூப்பிட்டேன். பாஸ்டரம்மா "அப்பிடிங்களா" என்றார். நான் பக்கக் கேட்டைப் பார்த்து நடந்தேன். என் பின்னால் எங்கள் சபை வரிசையாக வந்தது. நாங்கள் போவதைப் பார்த்து ஆர்.சி.க்காரர்களிலும் நல்ல உடை போட்டிருந்தவர்கள் சிலர் மணி பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டி தேக்சாவின் விளிம்பில் மோதுகிற சத்தம் மட்டும் தெருத் திரும்பும் வரை கேட்டது.

என் மனைவி என்னோடு வரவில்லை. வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, கஞ்சி நன்றாக இருந்தது என்றார். துவையல் கொஞ்சம் காரம் என்றார். பிறகு, "டாக்டராண்ட நீங்க எப்பப் போனீங்க? எனக்குத் தெரியாமப் போச்சே" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிரவு என் சாப்பாட்டில் உப்பும் இல்லை, ஊறுகாயும் இல்லை.

மீந்த கஞ்சியை உப்பளத்துக்குக் கொண்டுபோய் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு ஊற்றினார்களாம். தேக்சாவைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்ததில் பாய்க்கும் செய்தி போய்விட்டது. கடைக்குப் போனபோது அவர் புளியை எடைபோட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க தெருவுல நோன்புக் கஞ்சி ஒரு சொட்டு மீந்ததில்ல சார். உங்களுது பாதி மீந்துதாமே. உப்பு கம்மியா?" அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் புளியை வாங்கிக்கொண்டு சில்லறைக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு உப்பளத்துச் சபை கூட்டு ஜெபங்களுக்கு வருவது நின்றது. சண்டை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. அழைத்தால் வேலை இருக்கிறது என்று பாஸ்டர் பணிவாகச் சொல்லி அனுப்புவார். டிசம்பரில் சுனாமி நினைவு நாளில் கடற்கரையில் ஜெபித்தபோது வந்தார்கள், ஆனால் தள்ளி நின்று தாங்களாகவே ஜெபித்துவிட்டுப் போனார்கள். பொட்டலத்துக்காக எங்களைத் திட்டிய அந்த மீனவ அம்மாளும் அன்று இருந்தார். மறுபடியும் பிரிந்து நிற்கிறீர்களா என்று பாஸ்டரிடம் கேட்டார் என்றும், அவர் கும்பிட்டுவிட்டு நடந்தார் என்றும் ஃபாதர் என்னிடம் சொன்னார்.

புது ஆண்டில், லெந்து தொடங்குமுன், ஃபாதர் என் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்தார். இந்த முறை பெரிய வெள்ளி கூட்டு ஆராதனை வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

"அவங்க இல்லாம நான் செய்ய மாட்டேன் சார். அவங்க வர்றது உங்க கையிலதான் இருக்கு. ஏன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் என் மகனைவிட இளையவர். அப்படிப் பேச யாரும் துணிந்ததில்லை. கோபம் வந்தது. ஆனால் அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் தலைமையாசிரியராக இருந்து கட்டிய கட்டடங்களோ, வாங்கிய விருதுகளோ என் நினைவுக்கு வரவில்லை. எழுபது வயதுக்காரர்கள் மற்றவர் ஜெபத்தை மனப்பாடம் செய்ததுதான் வந்தது. என் வாழ்நாளில் நான் இருந்து நடந்த காரியங்களில் அதைவிடப் பெரியது இல்லை. அது என்னால் நின்றுபோகப் பார்க்கிறது.

மறுநாள் காலையில் உப்பளத்துக்குப் போனேன். வெயில் ஏறுமுன் வாரி முடித்துவிடுவார்கள் என்பதால் நான் போனபோது பெண்கள் போர்வெல் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. பாஸ்டர் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார், உட்கார ஒரு சாக்கை விரித்தார். மன்னித்துவிடுங்கள் என்று நான் ஆரம்பித்ததுமே, ஐயோ என்ன சார், நீங்கள் பெரியவர்கள், அதெல்லாம் அப்போதே மறந்துவிட்டோம் என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. எழுந்திருக்கப் போனேன்.

பாஸ்டரம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அவர் மறந்துட்டாரு. நான் மறக்கல சார்."

"தப்புதாம்மா. நான் சொன்னது பொய்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க வூட்டம்மா எங்களோட குந்திக் குடிச்சிட்டு, மொத நாளு நீங்க ஊறுகா கேட்டு வாங்குனதையும் சொல்லிட்டுதானே போனாங்க. உப்பு ஆகாத மனுசனுக்குப் பொண்டாட்டி ஊறுகா போடுமா?" மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பொய் சொன்னீங்க, சரி. ஊரே பாக்கக் கோயில் வாசல்ல சொன்னீங்க. எங்க ஜனம் அத்தினி பேரும் கரண்டியப் புடிச்சிகிட்டு நின்னுது. மன்னிப்பு மட்டும் யாரும் இல்லாத எடத்துல வந்து கேக்குறீங்களே?"

"அவ சொன்னா சொன்னதுதான் சார்" என்றார் பாஸ்டர், மன்னிப்புக் கேட்பவர் போல.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எங்கே சொன்னீர்களோ அங்கேயே சொல்லுங்கள் என்றார். கஞ்சி இந்த வருஷமும் காய்ச்சுவோம், குடிக்கிறவர்கள் குடிக்கட்டும் என்றார். பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். வாக்குக் கொடுக்கும் தைரியம் இல்லை.

அந்த ஆண்டு பெரிய வெள்ளியும் சித்திரை முதல் நாளும் ஒன்றாக வந்தன. ஊரெல்லாம் மாக்கோலமும் பாயச வாசனையுமாக இருக்க, நாங்கள் வெள்ளை உடுத்திப் பட்டினியாக நடந்துபோனோம். அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியற்காலையிலிருந்தே பாடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆராதனை தொடங்குகிற நேரத்துக்கு அதை அவர்களாகவே நிறுத்தினார்கள். முடிகிற வரைக்கும் போடவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இதையும் என் பெருமைகளில் ஒன்றாக எழுதி வைக்கிறேன், என் பங்கு அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

உப்பளத்துச் சபை வந்திருந்தது. பின்னால், பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது, தாகத்தைப் பற்றியது, என் பங்குக்கு வந்தது. நன்றாகத் தயாரித்திருந்தேன். மேடை ஏறியதும் பந்தலுக்கு அப்பால் தேக்சாவிலிருந்து ஆவி எழுவது தெரிந்தது. என்னுடைய பேச்சு எனக்கே கசந்தது.

தயாரித்ததைச் சொல்லவில்லை. போன வருஷம் இதே வாசலில் ஒரு பொய் சொன்னேன் என்று தொடங்கினேன். டாக்டர் கதையைச் சொன்னேன். எங்கள் சபையைப் பக்கக் கேட் வழியாக வரச் சொன்னதும் இட்லி ஏற்பாடு செய்ததும் நான்தான், கூட்ட நெருக்கம் என்பது சாக்கு என்றேன். பாதியில் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நிறுத்தினால் மறுபடியும் பாதிதான் உண்மை. என் தாயார் இதே உப்பளத்தில் கூடை சுமந்தவர், அவர் தலையில் முடி வளராது, அவர் கொண்டுபோன கஞ்சியில் வளர்ந்த உடம்பு இது என்றேன். அதை மறைக்கத்தான் அந்தக் குவளையை வாங்க மறுத்தேன் என்றேன். என்னை மன்னியுங்கள் என்று பந்தலைப் பார்த்துச் சொன்னேன்.

எங்கள் சபையார் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளில் சிலர் தரையைப் பார்த்தார்கள், ஒருவர் விசிறியை நிறுத்திவிட்டு என்னையே முறைத்தார். அப்போது பந்தலிலிருந்து யாரோ, அவர்கள் சாட்சி கேட்கும்போது வழக்கமாகச் சொல்வது போல, தொண்டை கிழிய "ஆமென்" என்றார். பெரிய வெள்ளியென்றும் பாராமல் ஃபாதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

மணி அடித்து முடிந்ததும் நேராக வேப்பமரத்தடிக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முன்னால் உப்பளத்து ஆட்களும் ஆர்.சி. குடும்பம் ஒன்றும். என் பின்னால் என் மனைவி. என் முறை வந்தது. தேக்சாவில் முக்கியிருந்த கரண்டியைப் பாஸ்டரம்மா வெளியே எடுத்துவிட்டார். பக்கத்திலிருந்த ஒரு சின்னத் தூக்குச் சட்டியைத் திறந்து, அதிலிருந்து ஒரு குவளை நிறைய ஊற்றி நீட்டினார்.

"சாருக்கு இது. உப்பு போடாமத் தனியா எடுத்து வச்சேன். டாக்டர் சொல்லியிருக்காரே."

வரிசையே எட்டிப் பார்த்தது. நான் வாங்கினேன். உப்பில்லாத கஞ்சி என்றால் என்ன என்று உப்பு விளையும் ஊரில் பிறந்தவனுக்கு அன்றுதான் தெரிந்தது. தேங்காய் இருக்கிறது, பூண்டு இருக்கிறது, ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. வெதுவெதுப்பாக, மாவு கரைத்தது போலத் தொண்டையில் இறங்கியது. முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை குடித்தேன். அவர் இடுப்பில் கைவைத்து, நான் குவளையைக் கவிழ்த்துக் காட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப டாக்டர் இன்னா சொல்றாரு சார்?"

"உப்பு சேத்துக்கலாம்னு சொல்லிட்டாரும்மா."

அப்போதுதான் சிரித்தார். தேக்சாவிலிருந்து ஊற்றி, துவையலை ஒரு இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார். என் மனைவி பின்னாலிருந்து, "கொஞ்சம் நகருங்க, எங்களுக்கும் பசிக்குது" என்றார். தரையில் பாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். அந்தச் சுவை எனக்கு ஏற்கெனவே தெரிந்த சுவை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

எல்லாம் அதோடு நேராகிவிடவில்லை. எங்கள் சபையில் பாதிப் பேருக்கு மேல் வரிசையில் வந்து நின்றார்கள். எங்கள் ஆர்மோனியக்காரர் மறுபடி மறுபடி வாங்கிக் குடித்தார். மற்றவர்கள் பக்கக் கேட் வழியாகப் போனார்கள். அந்த வழியை அவர்களுக்குக் காட்டியவனே நான், எந்த வாயால் தடுப்பேன்? சபையின் மானத்தைச் சந்தியில் போட்டுவிட்டேன் என்று சொல்லி அடுத்த தேர்தலில் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கினார்கள். இரண்டு குடும்பங்கள் என்னோடு பேசுவதை விட்டன. ஒன்று இன்றுவரை பேசவில்லை. அம்மாவைப் பற்றி ஏன் சொன்னாய், பிள்ளைகளுக்கு வரன் பார்க்க வேண்டாமா என்று என் தம்பி கேட்டான்.

ஆனால் ஈஸ்டர் விடியலில் மூன்று சபையும் கடற்கரையில் ஒன்றாக நின்றது. நடுவில் இடைவெளி இல்லை. கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தபோது, மாற்றிச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கதோஷத்தில் ஆர்.சி.க்காரர்கள் பிதாவே என்றும் நாங்கள் தந்தையே என்றும் தொடங்கி, இரண்டு பேரும் மற்றவருடையதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று பாதியில்தான் கண்டுபிடித்தோம். யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. அப்படியே முடித்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முன் கூட்டு ஜெபமும் மூன்று சபைக்கும் சாப்பாடும் உப்பளத்துக் கொட்டகையில் என்று வைத்தார்கள். தண்ணீர் யார் கொண்டுவருவது என்ற பேச்சு வந்தது. பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். "சார்தான் இப்ப சும்மா இருக்காரே" என்றார். பதவி போனதைச் சொல்லிக் குத்துகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது, சந்தோஷமாக இருந்தது.

எங்கள் சபையில் மூன்று ஆண்களைச் சேர்த்துக்கொண்டேன். ஒருவர், அன்று விசிறியை நிறுத்திவிட்டு என்னை முறைத்தவர். டிராக்டரில் டிரம்களை ஏற்றிக்கொண்டு பெருமுக்கல் பக்கத்து அந்தக் கிணற்றுக்குப் போனோம். குடத்தில் சேந்தி ஊற்றி ஊற்றி என் தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. அந்தப் பெண்கள் இதை மாட்டுவண்டியில் செய்தார்கள். திரும்பும் வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் தளும்பி எங்கள் மேல் அடித்தது. கொட்டகை வாசலில் இறக்கியபோது நால்வரும் முழுக்க நனைந்திருந்தோம்.

பாஸ்டரம்மா வந்து டிரம்மில் கையை விட்டு ஒரு வாய் அள்ளி ஊற்றிக்கொண்டார். சற்று நேரம் வாயிலேயே வைத்திருந்தார். நாங்கள் நால்வரும் பரீட்சை முடிவுக்கு நிற்பது போல நின்றோம்.

"கரிக்கல" என்றார். பிறகு தேக்சாவைக் காட்டி, "ஊத்துங்க சார்" என்றார்.